நான் கேட்காத ஒலிப்பதிவு

மார்ச் 4, செவ்வாய்

மூக்குக் கண்ணாடிக்குத் திருகு மாற்றினேன். பத்து மணிவாக்கில் கல்லூரி முதல்வர் வீட்டுக்கே வந்துவிட்டார். ஓய்வு பெற்ற இஸ்லாமியக் கல்விப் பேராசிரியனைத் தேடி முதல்வர் வருகிறார் என்றால் நல்லதற்காக இருக்காது. இருக்கவும் இல்லை.

சமூகவியல் துறையின் இளம் விரிவுரையாளர் ஒருத்தி மார்க்கத்தை இழிவாகப் பேசினாள் என்று புகார். விசாரணைக் குழுவில் முதல்வர், ஒரு வழக்கறிஞர், நான். ஒலிப்பதிவு ஒன்று இருக்கிறதாம். அதைக் கேட்டு, அவள் பேச்சு வரம்பு மீறியதா என்று நான் சொல்ல வேண்டும். மீறியது என்றால் அவளுக்கு வேலை போகும். காவல் நிலையம் வரைக்கும்கூடப் போகலாம்.

“எந்தப் பக்கமும் சாயாத ஆளு சார் நீங்க,” என்றார். சாயக்கூடப் பயப்படுகிறவன் என்பதைத்தான் நாசூக்காகச் சொன்னாரோ?

சரி என்றுவிட்டேன். மகளின் கணவர் அந்தக் கல்லூரியில்தான் வேலை பார்க்கிறார். இன்னும் பணி நிரந்தரமாகவில்லை. முதல்வர் அதைச் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு, “மாப்பிள்ளை சௌக்கியமா?” என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 5

சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

அலமாரியிலிருந்து புத்தகங்களை இறக்கினேன். பழைய மார்க்கச் சட்ட அறிஞர்கள் சொன்னவை ஓர் அடுக்கு. மனித உரிமை பற்றியவை இன்னொன்று. ஒரு சமூகம் யாரை எப்படி வெளியே தள்ளுகிறது என்று ஆராய்ந்தவை மூன்றாவது. மேசை நிறைந்து கட்டிலிலும் பரப்பிவிட்டேன்.

“ஏங்க, ஒரு பதிவைக் கேட்டுட்டு ஒரு கையெழுத்து. அதுக்கு அலமாரியையே இறக்கணுமா? நான் எங்க படுக்க?” என்றாள் மனைவி.

உண்மையில் நான் தேடுவது ஆதாரத்தையா, ஒளிய இடத்தையா?

மதியம் ஒரு தொலைபேசி. தெரியாத குரல். “நல்லா யோசிச்சு எழுதுங்க பெரியவரே.” அவ்வளவுதான். மரியாதையாகத்தான் சொன்னான்.

மார்ச் 10, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். அப்போதாவது அப்படி நடந்துகொண்டது நான்தானா என்று தெரியும்.

சின்ன அறை. மேசையில் பிஸ்கட் தட்டு. அந்த விரிவுரையாளர் வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில். முதல்வர் கைப்பேசியை எடுத்து விரலை வைக்கப் போனார். என் வாய் தானாகக் கேட்டது: “இதை அறிவித்தவர் யார்? எங்கிருந்து கேட்டார்?”

ஹதீஸ் என்ற நபிமொழிகளை ஆராய்ந்தே வாழ்ந்தவன் நான்; எந்தச் செய்தி வந்தாலும் முதலில் யார் யாரிடம் கேட்டுச் சொன்னது என்ற அறிவிப்பாளர் வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளடக்கத்துக்குப் போயிருக்கிறேன். பழக்கதோஷம். வேறு எந்த எண்ணமும் எனக்கு இல்லை.

வழக்கறிஞர் சிரித்தார். “சார், இது ஹதீஸ் இல்ல. போன் ரெக்கார்டிங்.”

ஆனால் முதல்வர் பதில் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர். அவள் கதவைச் சாத்திக்கொண்டு தன் அக்காவிடம் பேசும்போது, ஜன்னல் விளிம்பில் போனை வைத்திருக்கிறார்.

பிறர் மறைவைத் துருவக் கூடாது, துருவிக் கிடைத்தது சாட்சியமாகாது—என் முனைவர் பட்ட ஆய்வே இதுதான். முதல்வர் அதைப் படித்ததில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமலே இருந்திருக்கலாம். கேட்டுத் தொலைத்துவிட்டேனே!

“போடட்டுமா?”

“எனக்கு… இதைக் கேட்க அனுமதி இல்லை சார்.”

“யாரு அனுமதி தரணும்? நான்தானே முதல்வர்!”

அழுத்திவிட்டார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்தேன். கைகள் இல்லாமல் கதவை எப்படித் திறப்பது? முழங்கையால் கைப்பிடியை அமுக்கி, ஒருவழியாக வெளியே வந்து விழுந்தேன்.

பெஞ்சில் இருந்த அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. பதிவிலிருந்து அவள் குரல் கசிந்து வந்தது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும், தலை கவிழ்ந்தது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பதினாறாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்ல ஆரம்பித்தேன். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு, கதவைப் பார்த்துவிட்டு, அவளும் சேர்ந்து சொன்னாள்.

மார்ச் 11

வாசல் மணி அடித்ததும் சங்கிலியை மாட்டிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். வந்தது கேஸ் சிலிண்டர்.

மார்ச் 13, வியாழன்

மாப்பிள்ளை மகளோடு வந்தார். உட்காரவில்லை.

“காதைப் பொத்திக்கிட்டு ஓடினீங்களாமே மாமா! சின்னப் பிள்ளையா நீங்க? ஸ்டாஃப் ரூமே சிரிக்குது. என் ஃபைலை எடுத்து அடியில போட்டுட்டாங்க, தெரியுமா?”

“அத்தாவை விடுங்க,” என்றாள் மகள். அவள் குரலிலும் எனக்காக எதுவும் இல்லை.

நியாயம்தானே அவர் கோபம்? பதிவைக் கேட்டிருக்கலாமோ, கேட்டுவிட்டு ‘வரம்பு மீறவில்லை’ என்று எழுதியிருக்கலாமோ? பெரிய நியாயவான் மாதிரி எழுந்து வந்தாயே, இப்ப பொண்ணு வீட்டுக்கு யாருடா பதில் சொல்றது என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 21, வெள்ளி

வழக்கறிஞர் கூப்பிட்டார். நான் கையெழுத்துப் போடாத அறிக்கை செல்லாதாம். வேறு ஆளைப் போட்டாலும், ‘எங்கிருந்து கேட்டார்?’ என்ற என் கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டது, நீதிமன்றத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள் என்று முதல்வரிடம் சொல்லிவிட்டாராம். “ஜாக்கிரதையா இருங்க சார்,” என்றும் சொன்னார். எதற்கு என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அந்த விரிவுரையாளர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். புகாரைக் கைவிட்டுவிட்டார்களாம், திங்கட்கிழமையிலிருந்து மறுபடி வகுப்பு எடுக்கிறாளாம். குடியிருப்பை மாற்றிவிட்டாள். மனைவி கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“சார், அன்னிக்கு நான் அக்காகிட்ட என்ன சொன்னேன்னா—”

“வேண்டாம்மா. டீ ஆறுது.”

சிரிக்கப் பார்த்தாள், முடியாமல் அழுதுவிட்டாள். மனைவி உள்ளே கூட்டிப்போனாள்.

மாப்பிள்ளைக்குப் பணி நிரந்தர உத்தரவு இன்னும் வரவில்லை. மகள் இந்த வாரம் பேசவில்லை.

அவள் போன பிறகு மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அப்படி என்னதாங்க பேசினா அந்தப் பொண்ணு?”

தெரியாது என்றேன். நம்பவில்லை.

தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். கிளம்பிக் கதவு வரைக்கும் போய்விட்ட அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. மற்றவர்கள்மேல் இருக்கும் பயம் போகட்டும். இன்றைக்கு என்னைக் கண்டே கொஞ்சம் பயந்துபோனேன்.