போயிட்டாருங்க

பூனாகலை,
11.7.1979

அன்புள்ள மச்சானுக்கு,

தனலெட்சுமி எழுதிக்கொள்வது. நீங்கள் சுகமாக இருப்பதாகக் கேள்விப்பட்டுவிட்டேன். அதனால் சுகம் விசாரிக்காமல் தொடங்குகிறேன். நானும் இருக்கிறேன்.

இங்கே கச்சான் காற்று ஓயாமல் அடிக்கிறது. கொழுந்து இல்லை. விடிகாலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது பார்த்தால் பாதி முகங்கள் புதுசு. பக்கத்துக் காம்பரா ராசம்மா குடும்பமும் மாசியில் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டது. லயத்தின் இந்தக் கோடியில் இப்போது நான் மட்டும்தான். கூரைத் தகரம் அடித்துக்கொண்டால் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்து உட்காருகிறேன். தனி ஆளுக்குச் சோறாக்குவதுதான் பெரிய தொல்லை. ஒரு சுண்டு அரிசி போட்டால் மிஞ்சுகிறது, குறைத்துப் போட்டால் பசிக்கிறது.

உங்கள் விலாசத்தைத் தந்தது பதுளைத் துணிக்கடை இப்றாஹீம் முதலாளி. சித்திரையில் நாகூர் கந்தூரிக்குப் போனவர் திருச்சியில் உங்களைக் கண்டாராம். கடைக்குப் போன என்னிடம் நீங்கள் நல்லா இருப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் விடவில்லை, துருவித் துருவிக் கேட்டேன். கடைசியில், "தங்கச்சி, அவரு தனிய இல்ல" என்றார். அந்தப் பெண் மாசமாக இருக்கிறாள் என்பதையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வந்தேன். பஸ்ஸில் அழவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

முந்தாநாள் ஆனிப் பௌர்ணமி. நமுனுகுலைக்குப் போனேன். மேல்கணக்குப் பிரிவில் இருக்கும் காரைக்கால் அம்மையார் கோயில்தான். கல்யாணமான வருஷம் இரண்டு பேரும் போனோமே, திரும்பி வரும்போது உங்களுக்கு அட்டை கடித்து ஊரைக் கூட்டினீர்களே, அதே கோயில். அப்போது இருந்த பூசாரி இந்தியா போய்விட்டார். இப்போது யாழ்ப்பாணத்து ஐயர் ஒருவர் வந்திருக்கிறார். இளவயது. தோட்டத்துப் பேச்சு அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

அங்கே முறை மாறவில்லை. பெண்கள் இரண்டு மாம்பழம் கொண்டுபோக வேண்டும். ஒன்று அம்மையாருக்கு. மற்றதைக் குங்குமத்தோடு புருஷனுக்கு என்று திருப்பித் தருவார்கள். என் முறை வந்தது. "வீட்டுக்காரர் வரேல்லையோ?" என்று ஐயர் கேட்டார். "அவரு போயிட்டாருங்க" என்றேன். நம் தோட்டங்களில் அதற்கு மேல் யாருக்கு என்ன சொல்ல வேண்டும்? ஆனால் அவர் முகம் வாடிவிட்டது. இரண்டு பழத்தையும் அம்மையாரின் காலடியில் வைத்துவிட்டு, குங்குமத் தட்டை ஒதுக்கி, என் கையில் திருநீறு மட்டும் போட்டார்.

எனக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் நெருக்கினார்கள். பேசாமல் நகர்ந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, அது பொய், மச்சான். அப்படியே ஆகிவிட்டால் நல்லது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். செத்தவரைத் தேடிக் காத்திருக்க வேண்டியதில்லை. பிறகு ஐயர் பக்கமே திரும்பினேன்.

"சாமி, அவரு சாகலைங்க. இந்தியாவுக்குப் போயிட்டாரு" என்றேன்.

ஐயர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவசரமாகக் குங்குமம் தந்தார், ஒரு பழத்தையும் எடுத்து நீட்டினார். நீட்டியவர், "அப்ப எப்ப வருவார்?" என்று கேட்டார். பாவம், ஆறுதலாகத்தான் கேட்டார். பழத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ் வரும்வரை மதகில் உட்கார்ந்து உங்கள் பங்கை நானே தின்றேன். முறை தப்புத்தான். நல்ல பசி.

மச்சான், என் அப்பா இலங்கைப் பிரஜையாகப் பதிந்ததும் உங்கள் அப்பா இந்தியப் பிரஜையாக எழுதிப்போட்டதும், அதனால் உங்களை மட்டும் கப்பலேற்றியதும் நாம் இருவரும் செய்த குற்றம் இல்லை. முதலில் நான் போய் ஒரு இடம் பார்க்கிறேன், பிறகு உன்னை எடுப்பிக்கிறேன் என்று சொன்னது மட்டும் நீங்கள் சொன்னது. அதை நான் நம்பினேன். இன்றைக்கும் தபால்காரன் வருகிற நேரத்தில் கை வேலை ஓடுவதில்லை.

அம்மையார் கதை உங்களுக்குத் தெரியும். கப்பலில் போன புருஷன் வேறு ஊரில் வேறு பெண்ணோடு குடித்தனம் வைத்தான். தேடிப் போனவளைக் கண்டதும் தெய்வம் என்று சொல்லிக் குடும்பத்தோடு காலில் விழுந்தான். காலில் விழுந்துவிட்டால் கூட வாழ வேண்டியதில்லை பாருங்கள், கெட்டிக்காரன். அந்த இரண்டாம் பெண்டாட்டிக்குப் பிறந்த பெண் குழந்தைக்கும் அம்மையாரின் பெயரையே வைத்திருந்தானாம். கோயிலில் அதைப் பெருமையாகத்தான் படித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

உங்களோடு இருக்கும் அந்தப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று அம்மையாரிடம் கேட்டேன். மனசாரக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்டேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பெண்ணாகப் பிறந்தால் அதற்கு என் பெயரை வைக்காதீர்கள். நீங்கள் வைப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியும். செத்த ஆட்டின் பெயரையே அடுத்த குட்டிக்கும் வைத்துவிட்டு, பாவம் தீர்ந்தது என்று இருந்தவர்தானே. பிள்ளைக்கு வேறு எந்த நல்ல பெயரும் வையுங்கள். நோய் நொடி இல்லாமல் வளரட்டும். நான் இன்னும் இருக்கிறேன் மச்சான். விடிந்து பெரட்டில் தனலெட்சுமி என்று கூப்பிட்டால் போய் நிற்க வேண்டியவள் நான்தான்.

மூன்று பேரும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
தனலெட்சுமி