கடைசிப் படகின் வீட்டில் கூட்டம்

ஜனவரி 9

காலையில் பால் பொங்கி வழிந்தது. பார்த்துக்கொண்டேதான் நின்றேன். மகள் ஓடி வந்து அடுப்பை அணைத்தாள். "அம்மா, எங்கே இருக்கே?" என்றாள். இங்கேதான் இருந்தேன்.

ஜனவரி 11

மகன் போன் செய்தான். அவர் விட்டுப்போன படகை வாங்க ஆள் கிடைத்திருக்கிறதாம். "சும்மா துறையில நிறுத்தி வெச்சா வீணாப் போயிடும்மா. இந்த வருஷப் பயணத்துக்கு யாராவது ஓட்டிட்டுப் போனா இருக்கட்டும். இல்லேன்னா குடுத்துடலாம்."

பேத்தி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "பாட்டி, எருமையை விக்காதீங்க. அது பாவம்."

எருமை என்பது படகுக்கு அவர் கூட்டாளிகள் வைத்த பெயர். பழைய கனமான பாய்ப்படகு. காற்று பலமாக அடித்தால் நடக்கும், குறைந்தால் படுத்துவிடும். அவருக்கு அந்தப் பெயரில் வருத்தம் இருந்ததில்லை. எனக்கு இருந்தது. முதலில் சொன்னவன் யார் என்றும் தெரியும். அவருடைய தம்பி, என் கொழுந்தன். சின்னவன்.

"நான் ஓட்டறேம்மா" என்றாள் மகள். அவளுக்கு ஓட்டத் தெரியும். ஆனால் அப்பா பக்கத்தில் இல்லாமல் ஓட்டியதில்லை.

எனக்கு எந்தப் பக்கமும் மனசு போகவில்லை. விற்றாலும் சரி, ஓட்டினாலும் சரி.

ஜனவரி 12

இதில் எழுதுவது மறந்துவிடுமே என்றல்ல. எனக்கு எதுவும் மறக்காது, அதுதான் வியாதி. முன்பெல்லாம் சாப்பிடும்போது அவரிடம் ஒவ்வொன்றாகச் சொல்வேன். "விடுடீ" என்பார். இப்போது விடு என்று சொல்ல ஆள் இல்லை.

ஜனவரி 18

இன்று கூட்டம். இவர்களுக்கு ஒரு வழக்கம். எந்தப் படகு கடைசியாக வருகிறதோ, அடுத்த வருஷம் பயணம் பேசுவது அந்த வீட்டில். எல்லாரும் கடைசிப் படகின் வேகத்துக்குத்தான் போக வேண்டும், அதனால் பேச்சும் அங்கேதான். எனக்குத் தெரிந்து எல்லா வருஷமும் எங்கள் வீட்டில்தான் நடந்திருக்கிறது. அவர் போய்விட்டார், இந்த வருஷம் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு எப்போதும்போல வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மூன்று பேர். பல் டாக்டர் - என் பீங்கான் தட்டை உடைத்துவிட்டு "நல்ல சகுனம்" என்று சிரித்தவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர் - இவரிடம் குறை ஒன்றும் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது சின்னவன். அவன் படகு தக்கை மாதிரி. யாராவது தும்மினால் கூட நகரும். அதனால் அவனுக்குப் பெயர் காத்தாடி.

நான் டீ கொடுத்தேன். அவனுக்கும் கொடுத்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

வரைபடத்தை விரித்தார்கள். தீவுக்கு ஒரே மூச்சில் போவதா, முனையில் ஒரு ராத்திரி தங்கிப் போவதா என்று ஒரு மணி நேரம். மார்ச்சில் காற்று செத்துக் கிடக்கும், அதனால் தங்கித்தான் போக வேண்டும் என்றார் டிரைவர். டாக்டர் புதிதாக வாங்கிய பலூன் பாயைப் பற்றி ஆரம்பித்தார். மெல்லிய துணியாம், மூச்சு விட்டாலே உப்புமாம்.

"உங்க படகு பாய்லயா போகுது டாக்டர்? உங்க பேச்சுல இல்ல போகுது" என்றார் டிரைவர்.

"எருமையும் வருது" என்றாள் மகள். எல்லாரும் டீயைக் குடித்தார்கள்.

சின்னவன்தான் வாயைத் திறந்தான். "எருமையைக் கூட்டிட்டுப் போனா தீவுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாருக்கும் லீவு முடிஞ்சிடும்மா."

"அண்ணன் இருந்தா இப்படிப் பேசுவியா?" என்றார் டிரைவர்.

"அண்ணன் முன்னாடியே பேசியிருக்கேன். அவரே சிரிப்பார்."

அவர் சிரிப்பார்தான். போன வருஷமும் சிரித்தார். முனையைத் தாண்டும்போது காற்று விழுந்தது. கடைசிப் படகு இன்ஜின் போடாதவரை யாரும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது இவர்களே வைத்த விதி. இவன் படகுக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு துளி காற்று கிடைத்தது. போய்விட்டான். பின்னாலேயே டாக்டர். நாங்கள் தீவைச் சேர்ந்தபோது இருட்டு. துறைக்குள்ளே இடம் இல்லாமல் வெளியே நங்கூரம் போட்டு விடிய விடிய ஆடிக்கொண்டு கிடந்தோம். அவர், "சின்னப்பய, காத்து கிடைச்சா நிப்பானா?" என்று சிரித்தார். அதுதான் அவருடைய கடைசிப் பயணம்.

அது அப்பாவுக்குக் கடைசி என்று தெரிந்திருந்தால் சித்தப்பா நின்றிருப்பார் என்கிறாள் மகள். தெரியாதபோது நிற்பதற்குத்தானே விதி வைத்தது?

"எருமையை ஓட்ட ரெண்டு பேராவது வேணும்" என்றார் டாக்டர், மகளைப் பார்த்து. "பாப்பாகூட யாரு?"

"அண்ணியால முடியாது" என்றான் அவன்.

"நான் போறேன்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. அவன் முடியாது என்று சொல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

கடைசியில் அவன் ஒரு நிபந்தனை போட்டான். பாயை மாற்றிப் புண்ணியமில்லை, அடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டினால் மட்டும் போதாது. எடையை இறக்க வேண்டும். "அண்ணன் பாதி இரும்புக்கடையை உள்ள வெச்சிருக்கார்."

ஜனவரி 19

முழங்கால் வலி. வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 1

துறைக்குப் போனேன். அவர் போன பிறகு இன்றுதான். படகில் கால் வைத்தால் ஏதாவது ஆகும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப்போய் தரை தெரியாதே, அந்த மாதிரி.

டிரைவர் ஏற்கனவே அடியைச் சுரண்டி முடித்திருந்தார். சின்னவன் தள்ளுவண்டியோடு நின்றான். மகள் ஒவ்வொன்றாக எடுத்து மேலே கொடுத்தாள்.

உதவி நங்கூரம் இரண்டு. அதில் ஒன்று மகன் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு அழுத வாரம் வாங்கியது. துருப்பிடித்த சங்கிலி ஒரு மூட்டை. இரும்புப் பிடிப்பான், மேஜையில் முடுக்குகிறது. அதை வைக்க என் தையல் மெஷின் பலகையைக் கழற்றினார், திருப்பித் தரவில்லை. கார் ஜாக்கி. எங்களிடம் கார் இருந்ததே இல்லை. காய்ந்துபோன பெயிண்ட் டப்பாக்கள். ஒன்றில் அவர் கலக்கிய குச்சி அப்படியே நட்டுக்கொண்டு நின்றது.

"அம்மா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போவோமா?"

"வீட்டுக்குள்ள வராது" என்றேன்.

"அப்ப எங்கே?"

"எங்கேயோ."

மகள் அந்தக் குச்சி நட்ட டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சின்னவன் அதை வாங்கி வண்டியில் வைத்தான். தள்ளிக்கொண்டு போனான். மறுபடி வந்தான், மறுபடி போனான். பழைய இரும்புக்காரனிடம் போட்டிருப்பான். அண்ணன் சாமானை எடைக்குப் போட்டவன் என்று இதையும் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் படகு மேலே எழும்பி நின்றது. இத்தனை வருஷம் தண்ணீருக்குள் இருந்த பெயிண்ட் ஒரு சாண் வெளியே தெரிந்தது. வேறு யாருடைய படகோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

பிப்ரவரி 2

அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. துணி துவைத்தேன்.

பிப்ரவரி 15

ஒத்திகைக்கு மகளோடு போய் வந்தேன். காற்று இருக்கிறதா இல்லையா என்று தெரியாத காற்று. அப்படிப்பட்ட நேரத்தில் ஆள் காற்று போகிற பக்கமாக உட்கார வேண்டும். படகு லேசாகச் சாய்ந்தால்தான் பாய் தொங்காமல் வயிறு பிடிக்கும். பேசலாம், அசையக் கூடாது. அவர் இருந்தபோது என்னைத்தான் அங்கே உட்கார வைப்பார். "என் பாரமே நீதானே" என்பார். அதற்கு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறேன்.

இன்றும் அங்கேயே உட்கார்ந்தேன். அசையாமல் இருப்பது ஒன்றுதான் இப்போது எனக்கு ஒழுங்காக வருகிறது.

"அம்மா, போகுதும்மா!" என்றாள் மகள். திரும்பிப் பார்த்தேன். பின்னால் தண்ணீரில் ஒரு கோடு. போய்க்கொண்டுதான் இருந்தது.

மார்ச் 7

புறப்பட்டோம். நான்கு படகு. நல்ல காற்று. முனையில் இரவு தங்கல். சின்னவன் படகு இன்று கடைசி. டாக்டர் கிண்டல் செய்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மார்ச் 8

தீவிலிருந்து எழுதுகிறேன். விளக்கு ஆடுகிறது, எழுத்தும் ஆடும்.

காலையில் முனையைத் தாண்டியதும் காற்று விழுந்தது. போன வருஷம் விழுந்த அதே இடம். கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரி. டாக்டரின் பலூன் பாய் ஈரத்துணியாகத் தொங்கியது. எருமை மட்டும் மெல்ல மெல்ல நகர்ந்தது. டிரைவரைத் தாண்டினோம். டாக்டரைத் தாண்டினோம். டாக்டர் எழுந்து நின்று கும்பிட்டார்.

சின்னவன் ரொம்பப் பின்னால். அவன் படகு நட்டு வைத்தது மாதிரி நின்றது.

"என்னய்யா காத்தாடி, நூல் அறுந்துபோச்சா?" என்று டிரைவர் கத்தினார்.

மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா, காத்து இருக்கு. இப்படியே போனா சாயங்காலத்துக்குள்ள உள்ள இடம் பிடிச்சிடலாம். போகட்டுமா?"

ஒரு வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தேன் போல. அவன் இருட்டில் வரட்டும். வெளியே கிடந்து ஆடட்டும். வாயில் வந்துவிட்டது. அவன் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தான், சுக்கானைப் பிடித்துக்கொண்டு. அந்த முதுகு - தூரத்திலிருந்து அப்படியே அவர் முதுகு. இத்தனை வருஷம் எனக்கு இது தெரியாதா என்ன? தெரியும். பார்த்ததில்லை.

"பாயை இறக்கு" என்றேன்.

"நிக்கப் போறோமா?"

"விதின்னா விதிதான். அவனுக்காக இல்ல."

நின்றோம். எங்களைப் பார்த்து மற்ற இருவரும் நின்றார்கள். வெயில் ஏறியது. அவன் பக்கத்தில் வந்து சேர மத்தியானம் ஆனது. முகம் கறுத்துப்போயிருந்தது. "நீங்க போயிருக்கலாமே அண்ணி" என்றான். மகளிடம் பாயை ஏற்றச் சொன்னேன். அதற்கப்புறம் கடல்காற்று எடுத்தது. நான்கு படகும் வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே வந்துவிட்டன.

படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டினார்கள். அவன் படகு தண்ணீரில் ஆழமாக உட்கார்ந்திருந்தது. தக்கை எப்படி இப்படி உட்காரும்? கேட்காமல் ஏறினேன். உள்ளே இறங்கித் தரைப்பலகையைத் தூக்கினேன்.

இரண்டு நங்கூரம். சங்கிலி. பிடிப்பான். கார் ஜாக்கி. குச்சி நட்ட பெயிண்ட் டப்பா. அது சாயாமல் இருக்கச் சுற்றிலும் பழைய துணி.

அவன் படிக்கட்டில் நின்றிருந்தான்.

"இதெல்லாம் ஏன்டா இங்கே?" என்றேன். ஒரு வருஷத்தில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

"வேற எங்க வைக்கறது? நான் இருக்கறது மூணாவது மாடி. இரும்பைத் தூக்கிட்டு ஏறச் சொல்றீங்களா?"

"காஞ்ச பெயிண்ட் எதுக்கு?"

மூக்கைத் தேய்த்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அந்த டப்பாவைத் தொட்டுப் பார்த்தேன். குச்சியை ஆட்டினேன், ஆடவில்லை. மரத்த காலில் ரத்தம் திரும்பினால் ஊசி ஊசியாகக் குத்துமே, அப்படிக் கை குத்தியது. பலகையை மூடிவிட்டு வந்தேன்.

மார்ச் 9

காலையில் அழுதேன். மகள் பார்க்கவில்லை. கெட்ட கடல் உப்பு என்று சொல்லிக் கண்ணைக் கழுவினேன்.

மார்ச் 14

வீடு வந்தாயிற்று. மகன் பேசினான். வாங்க வந்தவரிடம் வேறு படகு பார்க்கச் சொல்லிவிட்டானாம். பேத்திக்குக் கடலில் எருமை எப்படிப் போயிற்று என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் கும்பிட்டதை மூன்று தடவை கேட்டாள்.

ஜூன் 2

தையல் மெஷின் பலகை இன்னும் கிடைக்கவில்லை. சின்னவனைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 17

இந்த வருஷக் கூட்டம் சின்னவன் வீட்டில். கடைசிப் படகு அவனுடையதுதானே. அவன் வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று முன்பு சொல்லியிருந்தேன். மூன்று மாடி, முழங்காலுக்கு ஆகவில்லை, நடுவில் ஒரு தடவை நின்றேன்.

எடையை இறக்கினால் நீ மறுபடி காத்தாடி ஆகிவிடலாமே என்று டிரைவர் கேட்டார். "இறக்கணும். நேரமே கிடைக்கல" என்றான். ஒரு வருஷமாக.

அவனே டீ போட்டுக் கொடுத்தான். சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தான். சொல்லவில்லை. குடித்துவிட்டேன்.