அம்மன் சேலையும் நாலு நட்டும்

மார்ச் 10, திங்கள்

காலையிலேயே இரண்டு தடவை படகுக்கு அடியில் சுழலும் காத்தாடியில் சிக்கல். முதலில் ஒரு உரச்சாக்கு, அடுத்தது யாரோ அறுத்துவிட்ட மீன்வலை. இந்த டேமில் மீனைவிடக் குப்பைதான் அதிகம். என்ஜினை நிறுத்து, சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடு, படகின் பின்பக்கம் நாலு நட்டைக் கழற்றி இரும்பு மூடியைத் தூக்கு, தோள்வரை கையை விட்டுத் தண்ணீருக்குள் தடவித் தடவி அறு. அப்புறம் மூடியை வைத்து நாலையும் இறுக்கு. ஒன்பது வருடமாக இதே கூத்து. அலுத்துவிட்டது.

காது வைத்த நட்டு. ஸ்பேனர் போட்டால் மரை போய்விடும், கையாலேயே இறுக்குங்கள் என்று ஃபேக்டரி மெக்கானிக் அழகன் சொல்லியிருக்கிறான். இறுகியதும் விரலில் ஒரு பிடிப்பு தெரியும், போதும் என்று. இன்று அது தெரியவில்லை. குளிராக இருக்கும்.

மார்ச் 12, புதன்

பெருவிரலில் கத்தி இறங்கியிருக்கிறது. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

மார்ச் 15, சனி

டவுன் கிளினிக். கண்ணை மூடச் சொல்லி டாக்டர் விரலில் குண்டூசியால் குத்தினார். "இப்ப எந்த விரல்?" என்றார். குத்தினாரா என்றே தெரியவில்லை. சீனி வியாதி நரம்பைத் தின்றுவிட்டதாம். கையால் செய்கிற மிஷின் வேலையை விடச் சொன்னார்.

விட்டுவிட்டு? ஐம்பத்து நாலு வயதில் மறுபடி மலையில் ஏறிப் புல் வெட்டுவதா? நாங்கள் குடியிருக்கும் லயம் இந்தக் கரை, தேயிலை அந்தக் கரை. ரோட்டால் சுற்றினால் பதினொரு கிலோமீட்டர். படகில் பன்னிரண்டு நிமிஷம். "போட்டுக்கார அண்ணே" என்று கூப்பிட நாலு பேர் இருக்கிறார்கள். அது மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

வீட்டில் என் மனைவி பூரணி கேட்டாள், டாக்டர் என்ன சொன்னார் என்று. "மாத்திரைய ஒழுங்கா போடச் சொன்னாரு" என்றேன். அவளும் தினமும் அந்தப் படகில்தான் கொழுந்துக்குப் போகிறாள். என்ன மனுஷன் நான்.

மார்ச் 23, ஞாயிறு

திருவிழா முடிந்தது. தப்புச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கரகத்தை எங்கள் படகுத்துறையிலேயே தண்ணீரில் விட்டார்கள். அம்மன் சேலை, மாலை, மஞ்சள் கயிறு எல்லாம் கூடவே போயிற்று. "ஓடைப் பக்கம் விடுங்கப்பா, காத்தாடியில சுத்தும்" என்று சொல்லிப் பார்த்தேன். தோட்டத் தலைவர் முறைத்தார். "அம்மனையே எடம் மாறச் சொல்றீங்களா சிவசாமி?"

நான் யார் சொல்ல?

மார்ச் 26, புதன்

நேற்று நடந்ததை எழுத நேற்று முடியவில்லை.  

காலை ஏழு மணி. பதினாறு பெண்கள். நடு டேமில் என்ஜின் முனகி நின்றது. மூடியைத் திறந்து கையை விட்டேன். துணி. கொஞ்சம் இழுத்துப் பார்த்தால் சிவப்புச் சேலை, கூடவே வேப்பிலை. கத்தியை எடுத்ததுதான் தாமதம், ராக்காயி கத்தினாள்.

"அண்ணே! அம்மன் சேல! கத்தி படக்கூடாது!"

அவளும் பூரணியோடு ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறவள். அவள் கத்தாமல் இருந்திருந்தாலும் நான் அறுத்திருப்பேனா? மாட்டேன். எனக்கும் பயம்தான். கத்தியை வைத்துவிட்டு, காத்தாடியைக் கையால் பின்னோக்கித் திருப்பித் திருப்பிச் சேலையைப் பிரித்தேன். ஐம்பது நிமிஷம். முழுச் சேலையும் கிழியாமல் வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். எனக்குத் தோளுக்குக் கீழே கை இருப்பதே தெரியவில்லை.

அந்தக் கையோடு மூடியை வைத்து நாலு நட்டையும் திருகினேன். இறுகியதா? இறுகியது என்று நினைத்துக்கொண்டேன். யாரையாவது கூப்பிட்டு, "இத ஒருக்கா பாரும்மா" என்று கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

என்ஜினைப் போட்டு ஐந்து நிமிஷம் இருக்காது. "தண்ணி! தண்ணி!" என்று ஒரே கூச்சல். காத்தாடி அடித்த தண்ணீர் மூடியைத் தள்ளிக்கொண்டு உள்ளே கொட்டியது. பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. என்ஜினை நிறுத்தினேன். "எல்லாரும் முன்னுக்குப் போங்க!" என்று கத்தினேன். பெண்கள் சோத்துப் பெட்டியால் தண்ணீரை அள்ளி ஊற்றினார்கள். ஒருத்திக்கும் நீந்தத் தெரியாது. நான் மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நட்டைத் தேடுகிறேன், விரலுக்கு அகப்படவில்லை. முழங்கால் தண்ணீரில் பூரணி வந்தாள். என் கையைத் தள்ளிவிட்டு நாலையும் அவளே இறுக்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கரை சேர்ந்தோம். எல்லாரும் சேர்ந்தோம்.

மார்ச் 27, வியாழன்

சேலையைத் துவைத்துக் கோவிலில் வைத்துவிட்டார்கள். கத்தி வைக்காததால்தான் அம்மன் கரை சேர்த்தாளாம். டீக்கடையில் என்னிடம் காசு வாங்கவில்லை. தேநீரை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

தோட்டத்தை நடத்தும் துரை கூப்பிட்டு விசாரித்தார். தண்ணீர் கசியாமல் மூடிக்கு அடியில் வைக்கும் ரப்பரை மாற்றியது யார் என்று கேட்டார். "அழகன்" என்றேன். உண்மைதானே? போன மாதம் அவன்தான் மாற்றினான். ரப்பர் சரியில்லை என்று அவரே முடிவு கட்டி எழுதிக்கொண்டார். நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 29, சனி

அழகனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை.

"அண்ணே, ரப்பரு நல்லாத்தானே இருந்துச்சு? நீங்கதான் தெனம் பாக்குறீங்க. ஒரு வார்த்த சொன்னீங்கன்னா தொர கேப்பாரு."

"பாப்போம் தம்பி" என்றேன்.

பாப்போம்! நாக்கு அழுகாதா எனக்கு? சின்னப் பிள்ளைகள் இரண்டு அவனுக்கு.

மார்ச் 30, ஞாயிறு

பூரணியிடம் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். குண்டூசி வரைக்கும்கூட வரவில்லை, அவளே பேசினாள்.

"சட்டப் பொத்தான் போட பத்து நிமிஷம் எடுக்குறீங்க. சோத்துல சூடு தெரியாம கைய வைக்கிறீங்க. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

"தெரிஞ்சுமா போட்டுல ஏறுன?"

"வேற எப்புடி மலைக்குப் போறது? நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒவ்வொரு நாளும் இன்னைக்குச் சொல்லுவாரு, இன்னைக்குச் சொல்லுவாருன்னு பாத்தேன்."  அழுதாள். நானும்தான்.

மார்ச் 31, திங்கள்

சொல்லிவிட்டேன். துரையிடம், தலைவரையும் அழகனையும் வைத்துக்கொண்டு. டாக்டர் எழுதித் தந்த கிளினிக் துண்டையும் மேசையில் வைத்தேன். ரப்பரில் ஒரு குறையும் இல்லை, என் விரலில்தான் குறை என்றேன். துரை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பதினாறு பேரு, சிவசாமி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சாவியைப் பையிலிருந்து எடுத்து வைத்தேன்.

வெளியே அழகன் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். நியாயம்தான்.

ஏப்ரல் 9, புதன்

இனி நான் சொல்லச் சொல்லப் பூரணி எழுதுவாள். விரலில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. இத்தனை நாள் எழுதியதையும் அவளே படித்துக்கொள்ளட்டும், ஒளிக்க ஒன்றும் இல்லை.

எனக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் காவல் வேலை. படகு அழகனிடம். இன்று காலை நடு டேமில் படகு நின்றது. கரையிலிருந்து பார்த்தேன். பின்பக்கம் அழகன் குனிந்தான், நெடுநேரம் நிமிரவில்லை. என்னை அறியாமல் என் கை காற்றில் திருகியது, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு என்ஜின் சத்தம் கேட்டது. படகு அந்தக் கரை போய்ச் சேரும்வரை நின்றுவிட்டு வேலைக்குப் போனேன்.

இன்று இவ்வளவுதான்.

இது அவர் சொல்லாதது, பூரணி நானாக எழுதுகிறேன். காலையில் படகு நின்றபோது அழகன் மூடியை இறுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டு, "அக்கா, ஒருக்கா தொட்டுப் பாருங்க" என்றான். தொட்டுப் பார்த்தேன். நாலும் இறுக்கமாகத்தான் இருந்தது. இதைச் சொன்னால் இவர் மனசு கஷ்டப்படுவாரோ என்று சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வேன்.