உட்காராத ஒருவன்

புரட்டாசி, வெள்ளி இரவு. கள்ளக்குறிச்சி.

நேற்று மறியலுக்கு மரம் வெட்டிப் போட்டிருந்த இடத்தில் என் வீட்டுக்காரர் பஸ்ஸை நிறுத்தவில்லை. வயல் பாதையில் இறக்கித் தியாகதுருகம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். ஊருக்கே தெரிந்துவிட்டது; மறியல்காரர்கள் கறுவிக்கொண்டிருக்கிறார்களாம்.

இன்று சாயங்காலம் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதிரே எட்டுப் பேர் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒருவன் கிழக்கே பார்த்து, அடுத்தவன் மேற்கே பார்த்து. கல்லூரியில் கோகோ ஆடியவள் நான். துரத்தப் போகிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். கடைசி ஆளின் குதிகால் தரையை விட்டு எழும்பியது. தெருமுனையைப் பார்த்தேன். இவர் வந்துகொண்டிருந்தார். கொல்லைப் பக்கம் போகச் சொல்லிக் கை காட்டினேன். சந்துக்குள் திரும்பிவிட்டார்.

உள்ளே வந்ததும் சிரித்தார். "இன்னாடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற? பீடி குடிச்சிக்கினு இருக்கானுங்க. உனுக்கு எதப் பாத்தாலும் ஆட்டந்தான்!"

அதற்குள் தெரு காலியாகிவிட்டது.

இப்போது படுத்துக் கண்ணை மூடினால் ஒரு முகமும் வரவில்லை. உட்கார்ந்திருந்த இடங்கள் மட்டும் அப்படியே வருகின்றன. கோகோவில் எட்டுப் பேர் உட்கார்ந்தால் ஒன்பதாவது ஆள் நிற்பான். முதலில் துரத்துகிறவன் அவன்தான். தெருவில் அவனைக் காணவில்லையே என்று இப்போதுதான் உறைத்தது.

இவரை உலுக்கி எழுப்பினேன். "கொல்லப்பக்கம் வரும்போது யாராச்சும் நின்னாங்களா?"

"ஒர்த்தன் நின்னுக்கினு இருந்தான். டிரைவர் வூடு எதுன்னு கேட்டான். இதான்னு காட்டிட்டு வந்தேன். தூங்கு."

பாப்பாவை அவர் பக்கத்தில் போட்டுவிட்டு, கொல்லைக் கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.