வழி தெரிய ஒரு ரிப்பன்

ஏங்க,

நீங்கள் வராததே நல்லது. இந்தக் காட்டு ஏற்றத்தை உங்கள் முழங்கால் தாங்காது. இங்கே சிக்னல் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தனியாக நடக்கப் போனால் நம் மகள், திரும்பி வர வழி தெரிய, பாதை பிரியும் இடமெல்லாம் மரத்தில் சிவப்பு ரிப்பன் கட்டுவாளே, அதைப் பார்த்துத்தான் நானும் வனக்காவலர்களும் காலையிலிருந்து அவளைத் தேடி நடந்தோம். முதலில் எல்லாம் அவள் கண் உயரத்தில் இருந்தன. ஓடையைத் தாண்டியதும் இடுப்பளவுக்கு இறங்கின. கடைசி ரிப்பனை வேரில் கட்டியிருக்கிறாள். உட்கார்ந்துகொண்டே கட்டியிருப்பாள். சோம்பேறி, உங்கள் மகள்தானே.

"நீங்க இங்கயே இருங்கம்மா, நாங்க பாத்துட்டு வர்றோம்" என்று வனக்காவலர்கள் முன்னால் போனார்கள். அவளுக்காகக் கொண்டுவந்த வெந்நீர் ஃபிளாஸ்க்கில் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.

அதோ, திரும்பி வருகிறார்கள். போகும்போது அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். இப்போது யாரும் கூப்பிடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா