காற்சட்டைப் பஞ்சில் இருந்த கறை

கண்டி
1888 ஆவணி, புதன்கிழமை

அன்பு மகன் கணபதிக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், எல்லோரும் என்று எழுத இந்த வீட்டில் இப்போது நான் ஒருவன்தான், சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், அதைச் சுகம் என்று வைத்துக்கொள். உன் சுகத்தைப் பற்றி இனி எனக்குப் பொய் எழுதாதே. அம்மாவின் கருமாதிக்கு வந்தபோது கதவுக்குப் பின்னால் நீ சுருட்டிப் போட்டுவிட்டுப் போன சைக்கிள் காற்சட்டையை நேற்றுத் துவைக்க எடுத்தேன். உள்ளே அம்மா தைத்து வைத்த பஞ்சு முழுக்க இரத்தமும் சீழும் காய்ந்து பலகை மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேனோ தெரியாது, அடுப்பில் சோறு கருகி நாற்றம் வந்த பிறகுதான் அசைந்தேன். கருமாதி அன்று நீ பாயில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாயே, மொட்டைத் தலையோடு நிற்கிறவனைப் பார்த்து, பிள்ளை துக்கத்தில் நிற்கிறான் என்றுதானே நினைத்தேன்.

கொழும்புத் துறைமுகத்துக்கும் கோப்பிக் கிடங்குக்கும் காகிதம் கொண்டு ஓடக் கம்பனியில் சைக்கிள் கொடுத்தார்கள் என்று நீ எழுதிய நாளிலிருந்து இந்த வீட்டில் இதே பேச்சுத்தான். உட்கார முடியவில்லை என்று எழுதினாய், அவள் ஒரு சுற்றுப் பஞ்சு வைத்துத் தைத்து அனுப்பினாள், இன்னும் வலிக்கிறது என்றாய், இரண்டு சுற்று, பிறகு மூன்று. "பேசாம மெத்தையையே மடிச்சுக் கட்டி அனுப்பிடு" என்று நான் கேலி செய்ததற்கு, "மெசினுக்கு எண்ணெ ஊத்தத் தெரிஞ்ச ஆளுக்கு, புள்ள ஒக்கார்ற எடத்தப் பத்தி என்னா தெரியும்" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் மகனே. கோப்பிப் பழம் உரிக்கிற மெசினில் பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்த்துப் பார்த்துக் கட்டை வைக்கிறவன் நான், உன் பாரம் எங்கே இறங்குகிறது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

இன்று காலை அந்தக் காற்சட்டையை எடுத்துக்கொண்டு, துரைமாரின் குதிரைகளுக்குச் சேணம் தைக்கிற ஹலீம் நானாவிடம் போனேன். அவர் தையலைப் பிரித்தார், பஞ்சு வியர்வையில் கட்டி கட்டியாகத் திரண்டு, மூன்று தையலும் ஒன்றின்மேல் ஒன்றாக நடுவில் வரப்பு மாதிரி நின்றது. "அழகர், இது மெத்தை இல்ல, அரம்" என்றார். "பஞ்சு கூடக் கூட எலும்பு அதுக்குள்ள பொதையும், பொதஞ்சா நடுவுல ஈக்கிற சதைதான் பாரம் தாங்கணும். குதிர முதுகுக்கே நாங்க நடுவுல இடம் உடுறோம், உங்கட மகனுக்கு ஒருத்தரும் உடல்லியே" என்றார். மனிதன் உட்காருவது பின்புறத்து இரண்டு எலும்பில்தானாம். சீட் அந்த இரண்டுக்கும் போதுமான அகலமாக, இழுத்துக் கட்டிய தோலாக, நடுவில் பள்ளத்தோடு இருக்க வேண்டுமாம், காற்சட்டைக்கு நடுவில் தையல் இல்லாத ஒற்றைத் துணி போதுமாம். அளவு எடுப்பது எப்படி என்றேன், பலகையில் பிசைந்த களிமண்ணைப் பரப்பி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன், இரண்டு குழி விழுந்தது, அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் சீட்டுக்கு அளவாம். "பொஞ்சாதி போன மனுசன் களிமண்ல குந்திட்டு ஈக்கிறார் பாருங்க" என்று வாசலில் யாரோ சொன்னது கேட்டது, எனக்கு வெட்கமாகக்கூட இல்லை.

சீட்டும் துணியும் பிறகு. உனக்கு முழுதாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. புசல்லாவைத் தோட்டத்தில் மெசின் பழுது பார்க்க நான் போயிருந்த நான்கு நாளில் அம்மாவின் குதிகாலில் ஆணி ஏறியது. மஞ்சள் பற்றுப் போட்டுத் துணியைச் சுற்றி, நான் வந்தபோது சேலையை இறக்கிக் கட்டி மறைத்துக்கொண்டு சோறு போட்டாள். நொண்டுகிறாயே என்றதற்கு, "சின்னப் புண்ணுங்க, மொதல்ல சாப்புடுங்க" என்றாள். நான் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் தொடை வரை வீங்கிக் காய்ச்சல் அனலாக அடித்தது, ஆசுபத்திரி டாக்டர், சீழ் இரத்தத்தில் கலந்துவிட்டது, இரண்டு நாள் முந்தி வந்திருக்கலாம் என்றார். மறுநாள் அவள் இல்லை. முப்பத்தைந்து வயது.

அதனால்தான் சொல்கிறேன், இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு ஆசுபத்திரிக்குப் போ, நடந்தே போ. மஞ்சள் பற்றுப் போட்டு மூடி வைக்காதே. புண் ஆறும்வரை சைக்கிளில் ஏறாதே. வேலை போய்விடும் என்று பயப்படுவாய், இலை நோயில் தோட்டமெல்லாம் காய்கிறது, கெலிஓயாவில்கூட கோப்பிக் கிடங்குகளை மூடுகிறார்கள், இன்னொரு வேலை கிடைப்பது கஷ்டம்தான், எனக்குத் தெரியும். போனால் போகட்டும்.

ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், அறையிலேயே குப்புறப் படுத்திரு. மீசை முளைத்த பிள்ளை என்று வெட்கப்பட்டுப் புண்ணைக் காட்ட மறுக்காதே, அம்மா மறைத்தபோது கேட்காமல் விட்டவன் உன்னிடம் விடமாட்டேன். வெந்நீரில் போட்ட வெள்ளைத் துணி இரண்டு எடுத்து வை, மறந்துவிடாதே.

கதிர்காமத்து முருகன் உன்னோடு இருக்கட்டும். பிள்ளையை நூறு வயது இரு என்று வாழ்த்துவார்கள், எனக்கு இப்போது அவ்வளவு தூரம் நினைக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை காய்ச்சல் வராமல் இரு.

இப்படிக்கு,
உன் அப்பா
அழகர்