மைனாவின் விலாவில் ஒரு துளை

அக்டோபர் 20, இரவு

களிமண்ணில் ஒரு துளை போட எனக்கு ஏன் கை வரவில்லை? தெரியவில்லை.

கல்லறைத் திருநாளன்று தம்பி சேவியரின் கல்லறையில் வைக்க ஒரு மைனா செய்திருக்கிறேன். அதன் உள்ளே வெறும் காற்றுதான். அடையாறு மட்பாண்ட ஸ்டூடியோவில் சொல்லித்தரும் கலா இன்று ஊசியை நீட்டினாள்.

"காத்து வெளிய போக விலாவுல ஒரு துளை போடுங்க மேடம். இல்லன்னா சூளையில டமார்னு வெடிச்சு, என் கப்பு எல்லாத்தையும் காலி பண்ணிடும்!"

நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மருத்துவமனையில் சேவியருக்கும் விலாவில்தான் துளையிட்டு நுரையீரல் நீரை எடுத்தார்கள். அப்படியும் மூச்சு நிலைக்கவில்லை.

அக்டோபர் 21

கலாவே துளையிட்டாள். நான் மைனாவின் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

"அது ஆடாது மேடம், விடுங்க."

விடவில்லை.